ஐந்து மணி வண்டியில் உறங்கியவர்

பேருந்து கிளம்பி ரைஸ்மில் வளைவைத் திரும்புவதற்குள் அவர் தூங்கிவிடுவார். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை எல்லாம் வரிசையாகச் செய்வார். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுவார். சாப்பாட்டுப் பையின் காதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வார். பழைய துண்டு ஒன்றை நாலாக மடித்து ஜன்னல் கம்பியில் வைத்து, அதில் தலையைச் சாய்ப்பார். அவ்வளவுதான். ஒன்றேகால் மணி நேரம் கழித்து மாட்டுத்தாவணியில் யாராவது எழுப்ப வேண்டும்.

உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு முதல் டவுன் பஸ் காலை ஐந்து மணிக்கு. பால்கேன்காரர்கள், பூக்கூடை கொண்டுவரும் பெண்கள், என்னைப்போல விடிவதற்குள் வேலைக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள்தான் அதில் ஏறுவோம். நான் மாட்டுத்தாவணிக்கு எதிரே ஒரு டீக்கடையில் வடை போடுகிறவன். ஆறரைக்கெல்லாம் எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும். அவருக்கு அப்படி அவசரம் எதுவும் கிடையாது. அவர் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறவர். கடை திறப்பது ஒன்பதரைக்கு. அதுவும் கடை பெரியார் நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கே இறங்காமல் கடைசி நிறுத்தமான மாட்டுத்தாவணி வரைக்கும் வந்து, வேறு பேருந்து பிடித்துத் திரும்பிப் போவார்.

ஏன் இப்படி என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. கேட்கிற பழக்கமும் எனக்கு இல்லை. நடத்துனர்தான் கேட்டார். சின்ன வயசு, வாய் சும்மா இருக்காது.

"யக்கா, இது பஸ்ஸா லாட்ஜா? ஞாயித்துக்கெழம ஒங்க கட லீவுதான? அன்னிக்கும் வந்து ஏறுறீக, மதுர போயி அதே வண்டில திரும்பி வாரீக."

"வீட்டுல தூக்கம் வரலப்பா. இங்கன வருது. பொம்பளைகளுக்குத்தான் டிக்கெட்டு இல்லன்னு ஆக்கிட்டாகள்ல. தூங்கிட்டுப் போறேன், ஒனக்கென்ன நட்டம்?"

"எனக்கு நட்டமில்ல. ஒங்களப் பாத்துப் பாத்து டிரைவரு அண்ணனுக்குத் தூக்கம் வருதாம்."

வண்டியே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிக்கும்போதுதான் பார்த்தேன், கண்ணைச் சுற்றி மை அப்பியதுபோலக் கருப்பு. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவர் என்னைவிட மூன்று நான்கு வயது இளையவராக இருக்கலாம். வீட்டுக்காரர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். இதெல்லாம் மற்றவர்கள் பேசிக் காதில் விழுந்ததுதான். பெயர் மட்டும் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவர் அக்கா.

பெண்கள் பக்கம் மூன்றாவது ஜன்னல் அவருடையது. நடைவழிக்கு இந்தப் பக்கம், அதற்கு நேராக நான். ஒருநாள் அவர் என்னைப் பார்த்து, "அண்ணே, மாட்டுத்தாவணி வந்தா ஒரு சத்தம் குடுங்க. கண்டக்டர் தம்பி மறந்துருது" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் எப்படிக் கூப்பிடுவது? அக்கா என்றால் வயது இடிக்கிறது. தங்கச்சி என்று வாயில் வரவில்லை. அதனால் என் டிபன் டப்பாவால் முன் இருக்கைக் கம்பியில் மூன்று தட்டுத் தட்டினேன். அவர் எழுந்து, "வந்துருச்சா?" என்றார். அதற்குப் பிறகு தினமும் மூன்று தட்டு. வேறு பேச்சு இல்லை.

அவருக்குத் தூக்கம் இல்லை என்பது வண்டிக்கே தெரிந்த பிறகு, ஆளுக்கு ஒரு மருந்து சொல்ல ஆரம்பித்தார்கள். பால்காரர் கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார். ஜாதிக்காய் என்றார் ஒருவர். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் என்றார் இன்னொருவர். பூக்காரம்மா, அழகர்மலைக்குப் போய் நூபுர கங்கையில் மூன்று சனிக்கிழமை குளித்துவிட்டு வரச் சொன்னார். நடத்துனர் தனக்குத் தெரிந்த வைத்தியரிடம் தலைக்குத் தைலம் வாங்கி வந்து கொடுத்தார். அவர் எதையும் தட்டவில்லை. மூன்று சனிக்கிழமை என்றால் மூன்று சனிக்கிழமை, கடையில் சம்பளம் பிடித்தாலும் போய் வந்தார். பத்தியம் என்றால் பத்தியம். உப்பு கூடாது என்று யாரோ சொன்னதற்காக ஒரு மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டார்.

எனக்கும் ஏதாவது செய்யத் தோன்றியது. மருதாணிப் பூவைத் தலையணைக்கு அடியில் வைத்தால் தூக்கம் வரும் என்று டீக்கடையில் ஒருவர் சொல்லிக் கேட்டேன். எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வேலியாகவே மருதாணி நிற்கிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன், தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். நான் பூப் பறிப்பதைப் பார்த்துத் தம்பி மனைவி, "என்ன மாமா, யாருக்குப் பூவு?" என்று கேட்டாள். "சாமிக்கு" என்றேன். "மருதாணிப் பூவ எந்தச் சாமி கேக்குது?" என்று சிரித்தாள். வாழை இலையில் மடித்துக் கொண்டுபோய், வண்டியில் ஒன்றும் சொல்லாமல் அவர் மடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் பிரித்து முகர்ந்து பார்த்தார். அவருக்கு அது எதற்கென்று தெரிந்திருந்தது.

மறுநாள், "கொஞ்சம் பரவால்லண்ணே. ஒரு மணி நேரம் கண்ணசந்தேன்" என்றார்.

அன்று முழுவதும் என் கையில் வடை உப்பிக்கொண்டே வந்தது. பத்து நாள் பறித்தேன். வேலியில் பூவே இல்லாமல் ஆக்கிவிட்டேன். பதினோராம் நாள் அவர் பூக்காரம்மாவிடம் பேசுவது காதில் விழுந்தது. "மலைக்குப் போயிட்டு வந்ததுல கொஞ்சம் பரவால்லத்தா. ஒரு மணி நேரம் கண்ணசந்தேன்." அன்றே நடத்துனர் தைலத்தைப் பற்றிக் கேட்டதற்கும் அதே பதில், அதே ஒரு மணி நேரம்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் யோசித்தபோது, சொன்னவர்களின் முகம் வாடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஒரு மணி நேரத்தை ஊருக்கெல்லாம் பங்கு வைக்கிறார் என்று புரிந்தது. விடியவிடிய விழித்திருக்கிற ஒருவருக்கு, அடுத்தவர் முகத்தைப் பற்றி அவ்வளவு கவலை.

இந்தக் குணம்தான் அவரைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதை அவரே பிறகு சொன்னார்.

ஒருநாள் கடையில், கல்யாண வீட்டார் முன்னால் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் நின்றபடியே கண் செருகி, சேலைக் கட்டோடு சரிந்து விழுந்துவிட்டார். நெற்றியில் மேசை முனை பட்டு மூன்று தையல். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதற்கு ஒரு வாரம் கழித்து வண்டியில் ஏறியவர் செருப்பைக் கழற்றவில்லை. துண்டை எடுக்கவில்லை. ஜன்னலை விட்டு நடைவழி ஓரமாக, எனக்கு நேராக உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரு ஒதவி. இனிமே என்னத் தூங்க விடாதீக."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"புதுசா ஒரு டாக்டரம்மாகிட்டப் போனேன். முன்னாடி பாத்த டாக்டரும் நல்லவருதான். 'மாத்திர எப்படிம்மா இருக்கு'ன்னு கேப்பாரு. அம்புட்டுக் கூட்டத்துல நம்மளயும் மதிச்சுக் கேக்குறாரேன்னு, கொஞ்சம் பரவால்லைங்கன்னுருவேன். அப்ப இதையே சாப்புடுங்கன்னு எழுதிக் குடுத்துருவாரு. ஒரு வருசம் அதே மாத்திர. இந்தம்மாகிட்டயும் அதையேதான் சொன்னேன். நெத்தித் தையலப் பாத்துச்சு. 'பரவால்லைங்கிற பேச்சு இங்க வேணாம். எத்தன மணிக்குப் படுத்தீங்க, எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க, பகல்ல எங்க தூங்குனீங்க, அத மட்டும் சொல்லுங்க'ன்னுச்சு. பஸ்ல தூங்குறேன்னு சொன்னேன். பேனாவக் கீழ வச்சிருச்சு."

டாக்டரம்மா சொன்னது இதுதான். இரவு பதினொன்றரைக்கு முன்னால் பாயில் சாயக் கூடாது. காலை நாலரைக்கு எழுந்தே ஆக வேண்டும், தூங்கியிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இடையில் விழிப்பு வந்தால் பாயில் கிடந்து புரளக் கூடாது, எழுந்து உட்கார வேண்டும். பகலில் கண் மூடவே கூடாது. மாத்திரையைத் தான் சொல்கிறபடி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

"பஸ்ல தூங்குறது, சோத்துக்கு முன்னாடி வட திங்குற மாதிரியாம். ராத்திரிப் பசி செத்துப்போகுதாம். பாருங்க, கடைசில குத்தவாளி ஒங்க வடதான்."

"நான் என்ன செய்யணும்?"

"பேசிக்கிட்டே வாங்க."

"நானா?"

"வேற யாரு? கண்டக்டருக்கு டிக்கெட்டு கிழிக்கணும். பூக்காரம்மா எனக்கு முன்னாடி தூங்கிரும். நாலரைக்கு எந்திரிச்சு வீட்டுல இருந்தா, இருட்டுல கை தன்னால பாயத் தேடுது. அதான் வண்டிக்கு வந்துட்டேன். நீங்கதான் இத்தன நாளா முழிச்சிக்கிட்டே வாரவுக."

பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்து வந்தவன் நான். ஒன்றேகால் மணி நேரம் என்னத்தைப் பேசுவது? முதல் நாள் ரோட்டோரத்துப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். சிமெண்ட் கடை, பஞ்சர் கடை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து. நான் ஐந்தாவது வரைக்கும்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வண்டி பலகையைத் தாண்டிவிடும். பாதிப் பெயரோடு நிறுத்துவேன். "அண்ணே, செத்தது யாருன்னு முழுசாச் சொல்லிட்டுப் போங்கண்ணே" என்பார் அவர். வண்டிச் சத்தத்தில் மெதுவாகவும் பேச முடியாது, கத்த வேண்டும். நடைவழிக்கு அந்தப் பக்கம் போய் உட்காரவும் முடியாது. அதனால் நான் பேசியதை எல்லாம் வண்டி முழுக்கக் கேட்டது. செக்கானூரணி வருவதற்குள் எனக்கு வேர்த்துவிடும்.

இரண்டாவது வாரத்தில் பெண் பார்த்த கதையைச் சொன்னேன். ஒரு வீட்டில் பெண்ணின் தாய்மாமன் என்னை வாய் பேச முடியாதவன் என்று நினைத்துக் கை ஜாடையில் காபி வேண்டுமா என்று கேட்டார். நானும் ஜாடையிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைக் கேட்டு அக்கா சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"ஆத்தி! அந்தப் பொண்ணு குடுத்துவைக்கல. இம்புட்டுப் பேசுற மனுசன விட்டுட்டாளே!" என்றார்.

அதற்குப் பிறகு நான் பேச்சைத் தேட ஆரம்பித்தேன். வடை போடும்போது காதைத் திறந்து வைத்துக்கொள்வேன். பஸ்ஸைத் தவறவிட்டவர் யாரைத் திட்டினார், டீ சரியில்லை என்று சண்டை போட்டவர் போகும்போது ஏன் இன்னொரு டீ குடித்தார், எல்லாவற்றையும் மறுநாளைக்கு என்று எடுத்து வைப்பேன். அவரும் சொல்வார். பதினாறு வயதில் நூல்மில்லில் சேர்ந்து வாரம் ஒரு ஷிப்டு மாறி மாறி வேலை பார்த்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு கல்யாணம். வீட்டுக்காரர் குடித்துவிட்டு எந்த நேரத்தில் வருவார் என்று தெரியாது. முதல் தட்டிலேயே கதவைத் திறக்காவிட்டால் அடி.

"கதவு தட்டுற சத்தம் கேக்கணுமேன்னு காதத் தெறந்து வச்சே படுத்துப் பழகிட்டேன். அவரு போயி நாலு வருசமாச்சு. காதுக்கு அது தெரியல. பஸ்ஸுன்னா கதவ நான் தெறக்க வேணாம்ல. அதுக்குத்தான் கண்டக்டர் இருக்காருல்ல."

நான் அன்று மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. அவரும் தூங்கவில்லை.

நான் தப்புச் செய்தது நாலாவது வாரத்தில். அன்று மழை. ஜன்னல் தகரத்தை எல்லாம் இறக்கிவிட்டிருந்ததால் வண்டி இருட்டாக, கதகதப்பாக இருந்தது. முந்தின இரவு சுத்தமாகத் தூங்கவில்லை என்று அவர் சொன்னார். மாத்திரையைக் குறைத்த வாரம். நான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலை முன் கம்பியில் சாய்ந்தது. டப்பாவைக் கையில் எடுத்தேன். முகத்தைப் பார்த்தேன். நெற்றித் தழும்பு, கண்ணைச் சுற்றிய அந்தக் கருப்பு, கொஞ்சமாகத் திறந்த வாய். ஒரு பிள்ளையைத் தட்டி எழுப்புவதுபோல் இருந்தது. ஐந்து நிமிடம் தூங்கட்டும் என்று நினைத்தேன். அப்புறம் இன்னும் ஐந்து நிமிடம். நடத்துனர் வந்து பார்த்துவிட்டு, உதட்டில் விரல் வைத்துக்கொண்டு போனார். பால்காரர்கூடக் கேனைச் சத்தமில்லாமல் நகர்த்தினார். வண்டியில் இருந்த எல்லோரும் சேர்ந்து அவரைத் தூங்க வைத்தோம்.

மாட்டுத்தாவணியில் அவராகவே விழித்தார். வெளியே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எம்புட்டு நேரம் தூங்குனேன்?"

"இப்பத்தான், ஒரு ரெண்டு நிமிசம்..."

"பொய் சொல்லாதீக."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊரே எனக்கு மருந்து சொல்லுச்சு. அம்புட்டையும் செஞ்சேன். நானா வாயத் தெறந்து ஒருத்தர்கிட்ட ஒன்னு கேட்டேன்னா, அது ஒங்ககிட்டத்தான். பாவம் பாத்தீகளாக்கும்? ஒங்க பாவத்த வச்சு நான் இன்னிக்கு ராத்திரி என்ன செய்ய? வேல போச்சுன்னா திருப்பூர்ல மகன் வீட்டு அடுப்படிலதான் போயிப் படுக்கணும். அங்கயும் முழிச்சிக்கிட்டுத்தான் கெடக்கணும்."

குரல் உடைந்திருந்தது. வண்டியில் யாரிடமும் அவர் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். அன்று என் வடை எல்லாம் கருகியது. முதலாளி திட்டினார். எனக்கு அது உறைக்கவே இல்லை. என்னிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாரே என்பதுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சந்தோஷம் இருந்ததை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் அவர் ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டே வந்தார். மூன்றாம் நாள் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

"ம், பேசுங்க."

"என்ன மன்னிச்சிருங்க" என்றேன்.

"அதப் பேசச் சொல்லல. ஒங்க கடையில செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டுப் போனாரே ஒரு பெரியவரு, திரும்பி வந்தாரா இல்லையா?"

பேசினேன். அதற்குப் பிறகு அவர் தலை ஆடினால் போதும், டப்பாவால் அடித்து வண்டியையே எழுப்பினேன். பூக்காரம்மா என்னைத் திட்டாத நாள் இல்லை.

ஏழாவது வாரத்தில் ஒருநாள், ஏறும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். "அண்ணே, அஞ்சு மணி நேரம். ஒரே தூக்கம். அலாரம் அடிச்சுத்தான் எந்திரிச்சேன். மெய்யாலுமேண்ணே." கண்ணைப் பார்த்தேன். பொய் இல்லை. டாக்டரம்மா அவர் தூங்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்தார். முதலில் படுக்கிற நேரம் பதினொன்று ஆனது. பிறகு பத்தரை. ஒருநாள் வண்டியில் ஏறியதும், இனி எழுகிற நேரம் ஐந்து என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னார். ஐந்துக்கு எழுகிறவர் ஐந்து மணி வண்டியைப் பிடிக்க முடியாது. இறங்கும்போது, "அப்ப வாரேண்ணே" என்றார். "சரி" என்றேன். அவ்வளவு பேசப் பழகியவனுக்கு அன்று அது ஒன்றுதான் வந்தது.

அவர் ஏழரை மணி வண்டிக்கு மாறிவிட்டார். அவருடைய ஜன்னலில் பூக்கூடை உட்கார்ந்து வந்தது. என் பழக்கம் மட்டும் மாறவில்லை. கடையில் கேட்டதை எல்லாம் மறுநாளைக்கு எடுத்து வைத்துக்கொண்டே இருந்தேன். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. இரண்டு மாதத்தில் நிறையச் சேர்ந்துவிட்டது.

முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குக் கடை லீவு விட்டார்கள். அன்று நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏழரை மணி வண்டிக்குப் போய் நின்றேன். கல்லூரிப் பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களுமாக அப்படி ஒரு கூட்டம். பின்படியில் ஏறித் தொத்திக்கொண்டேன். அவர் முன்படியில் ஏறினார். முகம் தெளிந்து, கண்ணைச் சுற்றிய கருப்பு போய், வேறு ஆளாக இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணோடு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு அவருடைய பின்னந்தலையும், வைத்திருந்த கொஞ்சம் மல்லிகைப் பூவும் தெரிந்தன. கூப்பிடலாம்தான். என்னவென்று கூப்பிடுவது என்பது அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பெரியார் நிலையத்தில் அவர் இறங்கினார். இறங்கித் திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் நின்ற பின்படிக்குக் கீழே வந்தார்.

"அண்ணே! என்ன இந்த வண்டில? மேலுக்குச் சொகமில்லையா?"

"இல்ல. கட லீவு."

"லீவு நாள்ல நல்லாத் தூங்குறத விட்டுப்புட்டு எதுக்கு மதுரைக்கு வாரீக?"

"ஒரு சோலி."

"நான் நல்லாத் தூங்குறேண்ணே" என்றார். இன்னும் ஏதோ சொன்னார். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்ததில் எனக்குக் கேட்கவில்லை. நானும் தலையாட்டினேன். எங்கள் வண்டி நகர்ந்தது. அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜவுளிக்கடைத் தெருப்பக்கம் வேகமாக நடந்து போனார். தூங்கி எழுந்தவரின் நடை.

அதற்கு அடுத்த வருடம் அவர் மகனோடு திருப்பூர் போய்விட்டதாகப் பூக்காரம்மா சொன்னார். நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று மாட்டுத்தாவணியில் எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். வண்டி சுற்றி வந்து, எங்கள் ஊருக்குத் திரும்பிப் போக அதே இடத்தில் நின்றது. ஏறி உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, இப்பத்தான எறங்குனீக?" என்று கேட்டார் அந்த வண்டி நடத்துனர்.

"வந்த சோலி முடிஞ்சிருச்சு" என்று சொல்லி, ஊருக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன்.